தலைக்கு எத்தனை யூனிட்? நாடுகளின் மின் நுகர்வைச் சரியாக ஒப்பிடும் வழி

ஐஸ்லாந்தில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது, இந்தியாவில் 2023-24-ல் அது 1,400-ஐக்கூட எட்டவில்லை. இரண்டு எண்களும் சரியானவைதான். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு ஐஸ்லாந்துக்காரர் நம்மைப் போல 36 மடங்கு வசதியாக வாழ்கிறார் என்றோ, 36 மடங்கு வீணடிக்கிறார் என்றோ சொன்னால் இரண்டுமே தப்பு. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் மூன்று அலுமினிய உருக்காலைகளுக்குப் போய்விடுகிறது, வீடுகளுக்குப் போவது சுமார் 5 சதவீதம்தான்.

மின்சாரம் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் இந்த மாதிரி ஒரு பட்டியலை யாராவது எடுத்துப் போடுகிறார்கள். வளர்ச்சி, சுற்றுச்சூழல், கட்டண உயர்வு, அணு உலை என்று எதைப் பேசினாலும் அதுதான் சாட்சி. அவ்வளவு கனமான விஷயங்களுக்குச் சாட்சியாக நிற்கிற எண்ணைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டாமா? அதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, ஒரு விரிதாளும் வகுத்தல் கணக்கும் போதும். எந்த எண்ணை எடுக்கிறோம், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

முதலில், எதைத் தெரிந்துகொள்ள ஒப்பிடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மக்கள் வீட்டில் எவ்வளவு வசதியாக இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த நாட்டுத் தொழில்துறை எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது வேறு கேள்வி. இன்னும் எத்தனை மின்நிலையம் கட்ட வேண்டியிருக்கும் என்பது மூன்றாவது. வழக்கமாகக் கண்ணில் படுகிற 'தனிநபர் மின் நுகர்வு' எண்ணில் வீடு, கடை, ஆலை, ரயில், வயல் பம்ப்செட், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்திருக்கும், அதை மக்கள்தொகையால் வகுத்திருப்பார்கள். மூன்றாவது கேள்விக்கு அது நல்ல பதில், முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இல்லை.

அலகுகளைச் சரிசெய்துகொள்வது

நம் மின் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. நாடுகளின் கணக்கு டெராவாட் மணியில் வரும், ஒரு டெராவாட் மணி என்றால் 100 கோடி யூனிட். ஜிகாவாட் மணி என்றால் 10 லட்சம் யூனிட். இந்திய அரசு அறிக்கைகளில் 'மில்லியன் யூனிட்', 'பில்லியன் யூனிட்' என்று எழுதுவார்கள், அவையும் முறையே ஜிகாவாட் மணி, டெராவாட் மணிதான், பயப்பட வேண்டாம். மெகாவாட் என்று இருந்தால் மட்டும் கவனம்: அது அந்தந்த நொடியில் எவ்வளவு வேகத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்வது, ஆண்டுக் கணக்காக்க மணி நேரத்தால் பெருக்க வேண்டும். நிறுவுதிறனை, அதாவது இத்தனை மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது என்பதை, மக்கள்தொகையால் வகுத்து ஒப்பிடுவது எதற்கும் உதவாது, ஏனென்றால் 1,000 மெகாவாட் சூரிய மின்நிலையமும் 1,000 மெகாவாட் அணு மின்நிலையமும் ஆண்டு முழுக்கத் தரும் யூனிட்டில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் யூனிட் என்ற எண் மனதில் நிற்காது. அதை 8.76-ஆல் வகுத்துவிடுங்கள் (ஒரு ஆண்டில் 8,760 மணி நேரம்). வருகிற விடை, ஆண்டு முழுக்க இரவும் பகலும் நிற்காமல் ஒரு ஆளுக்காக எத்தனை வாட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். இந்தியாவின் 2023-24 எண் 1,395 யூனிட், வகுத்தால் 159 வாட், அதாவது பழைய மாடல் சீலிங் ஃபேன் இரண்டு. சீனா 2023-ல் 6,540 யூனிட், சுமார் 750 வாட். அமெரிக்கா 12,000 யூனிட் அளவு, 1,370 வாட். உலக உற்பத்தியை உலக மக்கள்தொகையால் வகுத்தால் 3,650 யூனிட் அளவு, அதாவது 420 வாட்டை ஒட்டி. நைஜீரியாவில் பொது மின்கட்டமைப்பிலிருந்து கிடைப்பது தலைக்கு 150 யூனிட் அளவுதான், அது 17 வாட். ஒரு நல்ல எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் சேர்ந்தால் தீர்ந்தது. இந்த ஒரு வகுத்தலை மட்டும் செய்தாலே எண்களுக்கு உயிர் வந்துவிடும்.

ஒரே நாட்டுக்கு இரண்டு எண் வரும், பதற வேண்டாம்

2014-க்கு உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த எண் சுமார் 805 யூனிட். அதே காலத்துக்கு, அதாவது 2014-15 நிதியாண்டுக்கு, நம் மத்திய மின்சார ஆணையம் கொடுத்தது 1,010. இருநூறு யூனிட் வித்தியாசம் எங்கே போனது? யாரும் பொய் சொல்லவில்லை. மின்சார ஆணையம் மொத்த உற்பத்தியோடு இறக்குமதியைச் சேர்த்து, ஏற்றுமதியைக் கழித்து, மக்கள்தொகையால் வகுக்கிறது. உலக வங்கிக் கணக்கில் மின்நிலையம் தனக்கே பயன்படுத்துவதையும் கம்பியில் போகும் வழியில் இழப்பதையும் கழித்துவிடுகிறார்கள். இந்தியாவில் அந்த இழப்பு பெரியது, அதனால் இடைவெளியும் பெரியது. இழப்பு குறைவாக உள்ள ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளில் இரண்டு முறையிலும் எண் அவ்வளவு மாறாது.

இதிலிருந்து வரும் விதி எளிது: எல்லா நாட்டுக்கும் ஒரே நிறுவனத்தின் எண்ணை எடுங்கள். இந்தியாவுக்கு மின்சார ஆணையத்திலிருந்தும் பிரேசிலுக்கு உலக வங்கியிலிருந்தும் எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் தொடக்கத்திலேயே இருபது சதவீதம் கோணல். உலக வங்கி, சர்வதேச எரிசக்தி முகமை, ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவு, எம்பர் என்ற எரிசக்தி ஆய்வு அமைப்பு என்று பல இடங்களில் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. எதை எடுத்தாலும் முதலில் அதன் வரையறைக் குறிப்பைப் படியுங்கள், இரண்டு வரிதான் இருக்கும், ஆனால் எல்லாமே அந்த இரண்டு வரியில்தான்.

ஆண்டும் பொருந்த வேண்டும். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, பங்களாதேஷுக்கு ஜூலை முதல் ஜூன் வரை, நேபாளத்துக்கு ஜூலை நடுவில் தொடக்கம், சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜனவரி முதல் டிசம்பர். ஆண்டுக்கு 6, 7 சதவீதம் வளரும் நாட்டில் மூன்று மாதம் தள்ளிப்போனால் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி மாறும். பெரிய ஒப்பீட்டில் அது பொருட்டில்லை, நெருக்கமான இரண்டு நாடுகளை வரிசைப்படுத்தும்போது பொருட்டு.

உற்பத்தியா, நுகர்வா?

பல வரைபடங்களில் நீங்கள் பார்ப்பது நுகர்வே இல்லை, அது உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது. பெரும்பாலான பெரிய நாடுகளுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பூட்டானை எடுங்கள், அங்கே கதையே வேறு. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஆண்டுக்கு 1,000 கோடி யூனிட்டுக்கு மேல் உற்பத்தியானது, மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் கீழே. வகுத்தால் தலைக்கு 13,000-ஐத் தாண்டும், அமெரிக்காவையே மிஞ்சிவிடும். ஆனால் தாலா, சுக்கா, மாங்தெச்சு அணைகளில் மழைக்காலத்தில் பிறக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறையும்போது பூட்டானே இந்தியாவிலிருந்து வாங்குகிறது. உள்நாட்டில் செலவாவதிலும் பெரும்பங்கு ஃபெரோசிலிக்கான் போன்ற ஆலைகளுக்கு. பராகுவே இன்னொரு உதாரணம், இதாய்ப்பு அணையில் தன் பங்காக வருவதில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகப் பிரேசிலுக்குக் கொடுத்துவந்த நாடு. லாவோஸ் தாய்லாந்துக்கு விற்கிறது. ஆகவே சிறிய நாடு, பெரிய அணை என்று பார்த்தாலே ஏற்றுமதியைக் கழித்தார்களா என்று தேடுங்கள்.

வகுக்கும் எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தியாவில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல், அதற்குப் பிறகான எல்லாத் தலைக்கணக்கும் மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. கத்தார், அமீரகம், குவைத் நாடுகளில் குடியிருப்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களைச் சேர்க்காமல் குடிமக்களை மட்டும் வகுத்துப் போட்ட எண் எங்காவது கண்ணில் பட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள், எட்டுப் பேர் ஒரே அறையில் தூங்கும் நம் ஊர்க்காரர்களின் ஃபேனும் ஏசியும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

யாருக்குப் போகிறது என்று பிரிப்பது

இதுதான் முக்கியமான படி, பெரும்பாலோர் தாண்டிப்போகும் படியும் இதுதான். மொத்தத்தை வீடு, தொழில், வணிகம், மற்றவை என்று பிரிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஐஸ்லாந்தையும் நார்வேயையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் குளிர் நாடுகள், இரண்டிலும் மலிவான நீர்மின்சாரம். மொத்தத்தை வகுத்தால் ஐஸ்லாந்து 50,000-க்கு மேல், நார்வே 24,000 அளவு. ஆக ஐஸ்லாந்துக்காரர் இரண்டு மடங்கு செலவழிக்கிறார் என்றுதான் தோன்றும். வீட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள்: நார்வேயில் தலைக்கு 7,000 யூனிட் அளவு, ஐஸ்லாந்தில் 2,500-ஐ ஒட்டி. அப்படியே தலைகீழ்! காரணம் இதுதான்: ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரே குழாயில் வந்து வீட்டைச் சூடாக்குகிறது, நார்வேயில் அந்த வேலையை மின்சார ஹீட்டர் செய்கிறது. ஒரு நாட்டின் மொத்த எண்ணைப் பார்த்து மக்களின் பழக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்த ஒரு ஜோடியே போதும்.

அலுமினியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தப் பட்டியல்களைக் குலைப்பதில் அதற்கு இணை இல்லை. ஒரு டன் அலுமினியம் உருக்க 14,000 யூனிட் அளவு மின்சாரம் வேண்டும். பஹ்ரைனில் இருக்கும் அல்பா ஆலை ஆண்டுக்கு 16 லட்சம் டன் தயாரிக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 2,240 கோடி யூனிட். பஹ்ரைன் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். ஆக அந்த ஒரு ஆலையின் மின்சாரம் மட்டும் தலைக்குக் கிட்டத்தட்ட 15,000 யூனிட், ஒரு அமெரிக்கரின் மொத்தக் கணக்கைவிட அதிகம். அந்த ஆலை தன் மின்சாரத்தைத் தன் சொந்த மின்நிலையத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. பொது மின்வாரியம் விற்றதை மட்டும் எண்ணினால் அது கணக்கில் வராது, நாட்டின் மொத்த உற்பத்தியை எண்ணினால் வரும். ஒரே நாட்டுக்கு இரண்டு இடத்தில் தலைகால் புரியாத வித்தியாசம் தெரிந்தால் இந்த மாதிரி சொந்த மின்நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலும் சிமென்ட், இரும்பு, அலுமினிய ஆலைகள் சொந்தமாகத் தயாரிப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும்.

மொசாம்பிக்கில் நிலைமை இன்னும் வேதனையானது. தலைநகர் மபூட்டோ பக்கத்தில் மோசால் என்ற அலுமினிய ஆலை 2000-ல் தொடங்கியது, அது இழுத்தது 900 மெகாவாட்டுக்கு மேல். ஆண்டு முழுக்க அப்படி ஓடினால் 800 கோடி யூனிட், மூன்று கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு 260 யூனிட்டுக்கு மேல். ஆலை வந்த சில ஆண்டுகளில் அந்த நாட்டின் தலைக்கணக்கு பல மடங்கு ஏறியது. வரைபடத்தில் பார்க்கிறவர் ஆஹா, கிராமம் கிராமமாக விளக்கு எரிகிறது என்று நினைப்பார். அந்தக் கோடு ஏறிய காலத்தில் அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் மின் இணைப்பே கிடையாது. ஒரு நாட்டின் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறினால் அந்த ஆண்டில் எந்த ஆலை திறந்தது என்று தேடிப் பாருங்கள்.

இப்போது அலுமினியம் செய்த வேலையைத் தரவு மையங்களும் செய்யத் தொடங்கிவிட்டன. அயர்லாந்தில் 2015-ல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் தரவு மையங்களின் பங்கு 5 சதவீதம், 2023-ல் 21 சதவீதம். நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்த்தே 18 சதவீதம்தான். அந்த மையங்களில் யாருடைய படமும் மின்னஞ்சலும் இருக்கின்றன? ஐரோப்பா முழுக்க இருப்பவர்களுடையவை, சொல்லப்போனால் நம்முடையவையும் இருக்கலாம். ஆனால் வகுப்பது என்னவோ அயர்லாந்து மக்கள்தொகையால்.

இப்போது சில பெரிய நாடுகளுக்கு வீட்டுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். சீனா 2023-ல் மொத்தம் 9.22 லட்சம் கோடி யூனிட், மக்கள்தொகை 141 கோடி, வகுத்தால் தலைக்கு 6,540. ஜெர்மனியின் தலைக்கணக்கு 6,000 யூனிட் அளவு என்பதால், மொத்தத்தில் சீனர் ஜெர்மானியரை முந்திவிட்டார். ஆனால் சீனாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்சாலைக்குப் போகிறது, வீடுகளுக்கு 1.35 லட்சம் கோடி, வகுத்தால் தலைக்கு 960. ஜெர்மனியில் வீட்டுக்கணக்கு 1,500 அளவு. அமெரிக்காவில் வீடுகளுக்கு மட்டும் 1.45 லட்சம் கோடி யூனிட், 33.5 கோடிப் பேர், தலைக்கு 4,300-க்கு மேல். இந்தியாவில் நுகர்வோரை வந்தடையும் மின்சாரத்தில் கால் பங்கு வீடுகளுக்கு, தலைக்கு 250 யூனிட்டை ஒட்டி. சிங்கப்பூர் மொத்தத்தில் 9,700 அளவு, வீட்டில் 1,300 முதல் 1,400 வரை, மீதி சுத்திகரிப்பு ஆலை, சிப் தொழிற்சாலை, அலுவலகக் கட்டடங்களின் குளிரூட்டல்.

பார்த்தீர்களா, மொத்தத்தில் சீனருக்கும் இந்தியருக்கும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு இடைவெளி, வீட்டில் நான்கு மடங்கு. அமெரிக்கருக்கும் சீனருக்கும் மொத்தத்தில் இரண்டு மடங்குக்கும் கீழே, வீட்டில் நாலரை மடங்கு. சீன ஆலையில் உருகும் இரும்பும் தைக்கும் சட்டையும் உலகம் முழுக்கப் போகின்றன, அந்த மின்சாரம் மட்டும் சீனரின் பெயரில் எழுதப்படுகிறது. வளர்ந்த நாடு ஒன்று 'எங்கள் நுகர்வு குறைந்துவிட்டது' என்று சொல்லும்போதும் இதையே திருப்பிக் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2005 வாக்கில் தலைக்கு 6,000-க்கு மேல் இருந்தது, இப்போது 4,500 அளவு. எல்.இ.டி. விளக்கும் நல்ல ஃபிரிட்ஜும் அதில் ஒரு பெரிய பங்கு, அதை மறுக்கவே முடியாது, பாராட்டத்தான் வேண்டும். கூடவே மின்சாரம் அதிகம் தின்னும் ஆலைகள் பல மூடப்பட்டன, அந்தப் பொருட்கள் இப்போது வெளியிலிருந்து வருகின்றன.

மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு

பிரிட்டனிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே கட்டண ஒழுங்குமுறை அமைப்பு 2023 அக்டோபரில் ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம், 11,500 யூனிட் எரிவாயு என்று வைத்துக் கணக்குப் போட்டது. வீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் எரிவாயு. ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் அணு மின்சாரம் தாராளமாக இருப்பதால் லட்சக்கணக்கான வீடுகளில் மின் ஹீட்டர், குளிர்காலத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் நாட்டின் மின் தேவை சுமார் 2,400 மெகாவாட் ஏறுகிறது. இரண்டு வீட்டிலும் ஒரே கதகதப்பு, ஒன்றுதான் மின்சாரப் பட்டியலில் தெரியும். நம் பக்கமும் அப்படித்தான், சிலிண்டரில் சமைக்கும் வீடும் இண்டக்ஷனில் சமைக்கும் வீடும் ஒரே சாம்பாரைத்தான் வைக்கின்றன. ஆகவே யார் அதிகம் எரிக்கிறார்கள் என்ற கேள்வி உங்களுடையது என்றால் மின்சாரத்தோடு நிற்காமல் மொத்த எரிசக்தியையும் ஒரு பத்தியில் போடுங்கள். அது 'டன் எண்ணெய்ச் சமானம்' என்ற அலகில் வரும், ஒன்றுக்கு 11,630 யூனிட்.

மின்வண்டிகள் வந்தபிறகு இது இன்னும் கூடும். நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். பெட்ரோல் பட்டியலில் குறைவது மின்சாரப் பட்டியலில் ஏறும். அதை ஊதாரித்தனம் என்று படித்துவிடக் கூடாது.

கணக்கில் வராதது

நைஜீரியாவின் 150 யூனிட்டைப் பார்த்து அங்கே யாருமே மின்சாரம் பயன்படுத்துவதில்லை என்று நினைக்காதீர்கள். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடும் நாடு அது, அந்த யூனிட் எந்த மீட்டரிலும் ஏறாது. லெபனானில் அரசு மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமாகச் சுருங்கியபோது தெருவுக்கொரு தனியார் ஜெனரேட்டர்காரர்தான் ஊரைக் காப்பாற்றினார். பாகிஸ்தான் 2024-ல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் சூரியப் பலகைகளை இறக்குமதி செய்தது, அதில் பெரும்பகுதி வீட்டுக் கூரையிலும் ஆலைக் கூரையிலும் வயல் பம்ப்செட்டிலும் போய் உட்கார்ந்துவிட்டது. மின்வாரிய விற்பனை குறைகிறது, மக்கள் பயன்படுத்தும் மின்சாரம் கூடுகிறது. மின்வாரியக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் நாடு தேய்கிறது என்பார்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. தமிழ்நாட்டில் விவசாய இலவச மின்சாரத்தில் பெரும்பாலான பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் இல்லை, எத்தனை யூனிட் போனது என்பது மாதிரிகளை வைத்துப் போடும் மதிப்பீடு. மொத்த எண்ணை இது பாதிக்காது, ஆனால் விவசாயத்துக்கு இவ்வளவு, வழி இழப்பு இவ்வளவு என்று பிரிக்கும்போது ஒன்று இன்னொன்றுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. துறைவாரியாக ஒப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரிக்குள்ளே எட்டிப் பார்ப்பதும் அவசியம். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிகாரில் தலைக்கு 300 முதல் 400 யூனிட்டுக்குள், குஜராத்தில் 2,000-க்கு மேல். இந்தியா என்று ஒரே எண்ணைப் போட்டால் இந்த இருவருமே அதில் இல்லை. பெரிய நாட்டைச் சின்ன நாட்டோடு ஒப்பிடும்போது, முடிந்தால் மாநிலத்தை எடுத்து நாட்டோடு ஒப்பிடுங்கள், அது பல நேரம் அதிகம் சொல்லும்.

ஆண்டுவாரியாகக் கோடு போடும்போது

தொடங்கும் ஆண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவின் எண் 2019-20-ல் 1,208, கொரோனா ஆண்டான 2020-21-ல் 1,161, அடுத்த ஆண்டு 1,255. பள்ளத்திலிருந்து அளந்தால் ஒரே ஆண்டில் 8 சதவீத வளர்ச்சி என்று பெருமைப்படலாம், அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து அளந்தால் இரண்டு ஆண்டில் 4 சதவீதம்தான். பத்து ஆண்டு இடைவெளியில் அளப்பது பாதுகாப்பு: 2013-14-ல் 957, 2023-24-ல் 1,395, ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

எண் இறங்கினால் அது சிக்கனமா, தட்டுப்பாடா என்று கேளுங்கள். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பிறகு கட்டணமும் கடுமையாக ஏறியது. அந்த ஆண்டின் இறக்கத்தையும் பிரிட்டனின் இறக்கத்தையும் ஒரே வண்ணத்தில் வரைந்தால் அது மக்கள் பட்ட பாட்டுக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் வீட்டு ரசீதை எங்கே வைப்பது?

பலர் ஆசையாகச் செய்வது இது: சொந்த வீட்டு ரசீதை எடுத்து நாட்டுச் சராசரியோடு ஒப்பிடுவது. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறால் பெருக்கி நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு ஒரு ஆளுக்கு 630. ஆஹா, 2023-24-ன் தேசிய சராசரி 1,395, நாம் பாதிகூட இல்லை என்று சந்தோஷப்பட்டால் அது பொருந்தாத ஒப்பீடு. நீங்கள் ஒப்பிட வேண்டியது வீட்டுக் கணக்கான 250-ஐ. அப்போது இந்தியச் சராசரிபோல இரண்டரை மடங்கு, சீன வீட்டுக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு, அமெரிக்கரின் ஏழில் ஒன்று. கோடையில் ஒரு ரசீது மட்டும் எடுக்காதீர்கள், ஏசி ஓடும் மாதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும், ஆண்டின் ஆறு ரசீதையும் கூட்டுங்கள். கூரையில் சோலார் இருந்தால் ரசீதில் இருப்பது கழித்தபின் வந்த எண்ணாக இருக்கும், மொத்தப் பயன்பாட்டை இன்வெர்ட்டர் செயலியில் உள்ள உற்பத்தியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அட்டவணையை எப்படிப் போடுவது. நாடு, ஆண்டு, மொத்த எண், அதில் இழப்பு சேர்ந்ததா இல்லையா, வீட்டுக் கணக்கு, தொழில்துறைப் பங்கு, வீட்டைச் சூடாக்கவும் சமைக்கவும் எது பயன்படுகிறது, இவ்வளவு பத்திகள் போதும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரத்தில் 'அலுமினியம்', 'தரவு மையம்', 'ஏற்றுமதி', 'ஜெனரேட்டர்', 'மின்வெட்டு' என்று ஒரு சொல்லில் குறிப்பு எழுதிவையுங்கள். எண்களை நூறுக்கு முழுமையாக்கிவிடுங்கள், 6,539.7 என்று எழுதுவதால் துல்லியம் கூடிவிடாது. பத்து சதவீதத்துக்குள் இருக்கும் இரண்டு நாடுகளை 'சமம்' என்றே எழுதுங்கள், தரவரிசையில் 14-ஆம் இடம், 15-ஆம் இடம் என்று சண்டை போட இந்த எண்களில் அவ்வளவு கூர்மை இல்லை. தரவிறக்கிய தேதியையும் கோப்பிலேயே குறித்துவிடுங்கள், மின்சார ஆணையம் உட்பட எல்லோருமே முதலில் தற்காலிக எண்ணை வெளியிட்டுப் பிறகு திருத்துவார்கள், ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் எண்ணைச் சரிபார்க்க வந்தால் எந்தப் பதிப்பை எடுத்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.